டிவி பட்டியலில் ஆண்டையும் போடுங்கள்: அக்டோபரில் விடக்கூடாத பழைய படங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் நாளிதழில் வரும் டிவி நிகழ்ச்சிப் பட்டியலைப் பற்றி ஒரு குறை சொல்ல வேண்டும், கூடவே இந்த மாதம் பார்க்க வேண்டிய சில படங்களைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவும் பேச வேண்டும். இடம் இல்லை என்று வெட்டுவதானால் இந்த இரண்டையும் விட்டுவிட்டு மற்றதை வெட்டிக்கொள்ளுங்கள்.

குறை இதுதான். படத்தின் பெயரையும் நேரத்தையும் மட்டும் போடுகிறீர்கள். ‘நான் அவனில்லை, காலை 10.30’ என்றால் அது 1974இல் கே. பாலசந்தர் எடுத்து ஜெமினி கணேசன் நடித்ததா, இல்லை 2007இல் ஜீவன் நடித்து வந்ததா? ஜெமினிக்காக வேலையை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தால் ஜீவன் வந்து நிற்கிறார். அவர் மேல் எனக்கு வருத்தம் எதுவும் கிடையாது, ஆனால் நான் உட்கார்ந்தது அவருக்காக இல்லையே. பில்லா, தில்லு முல்லு, முரட்டுக்காளை எல்லாவற்றுக்கும் இதே கதிதான். பக்கத்தில் நாலு இலக்கம் சேர்த்துப் போட்டால் தீர்ந்தது.

இதெல்லாம் ஒரு விஷயமா என்று தோன்றலாம். முக்கூடல், ஆலங்குளம், கடையம் பக்கம் காலை பத்து மணிக்கு மேல் தெருவில் நடந்து பாருங்கள், பீடி சுற்றுகிற வீடுகளில் எல்லாம் டிவி ஓடிக்கொண்டுதான் இருக்கும். கை பாட்டுக்கு இலையை எடுத்துத் தூள் வைத்துச் சுற்றி நூலைக் கட்டும், கண் பாதி மடியில், பாதி டிவியில். பழைய படம் இதற்கு நல்ல தோது, வசனத்தைக் காதால் கேட்டாலே கதை விளங்கிவிடும். இப்போது வருகிற படங்களில் பாதி நேரம் யாரும் வாயைத் திறப்பதில்லை, திறந்தாலும் பின்னணி இசையில் ஒன்றும் கேட்பதில்லை, நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தால் அன்றைய கட்டு குறையும். ஆகவே எங்கள் அம்மா, சித்தி, பக்கத்து வீட்டு மதினி எல்லாரும் உங்கள் பட்டியலை நம்பித்தான் நாளைத் திட்டமிடுகிறார்கள்.

சரி, படங்களுக்கு வருகிறேன். அக்டோபர் வந்துவிட்டால் 1ஆம் தேதி சிவாஜி பிறந்தநாள், சேனல்கள் அவர் படங்களை வரிசையாக எடுத்து விடுகின்றன. ஆயுத பூஜைக்குச் சரஸ்வதி சபதம் எப்படியும் வந்துவிடும், அதை யாரும் பரிந்துரைக்க வேண்டியதில்லை. நான் சொல்ல வருவது அவ்வளவாகப் பேசப்படாதவற்றை.

முதலில் ‘அந்த நாள்’. 1954, ஏவிஎம் படம், இயக்கியவர் வீணை எஸ். பாலச்சந்தர். 1943 அக்டோபரில் ஜப்பான்காரன் சென்னையில் குண்டு போட்டானே, கதை அந்தச் சமயத்தில்தான் தொடங்குகிறது. படம் ஆரம்பித்த உடனேயே ரேடியோ இன்ஜினீயர் ராஜனாக வரும் சிவாஜி சுடப்பட்டுச் சாகிறார். பராசக்தி வந்து இரண்டே வருடம், நாடே தலையில் தூக்கி வைத்துக்கொண்டிருந்த ஒருவரை எடுத்த எடுப்பில் கொன்று போடத் துணிச்சல் வேண்டும். அப்புறம் யார் சுட்டது என்று சிஐடி ஒவ்வொருவராகக் கேட்கக் கேட்க, ஆளுக்கு ஒரு ராஜன் நமக்குத் தெரிய வருகிறார். மனைவியாகப் பண்டரிபாய், பராசக்தியில் ஜோடியாக வந்த அதே பண்டரிபாய்தான், இதில் அவர் நடிப்பு சிவாஜிக்கு ஒரு படி மேலே என்று நான் சொல்வேன், வீட்டில் யாரும் ஒத்துக்கொள்வதில்லை. படத்தில் ஒரு பாட்டுக்கூடக் கிடையாது. டிவியில் பார்ப்பதற்கு அதில் ஒரு சௌகரியமும் உண்டு, விளம்பரத்துக்காகப் பாட்டை வெட்டும் சேனல்காரர்கள் இதில் எதை வெட்டுவார்கள்?

அதில் சிஐடியாக வரும் ஜாவர் சீதாராமன்தான் 1959இல் வந்த ‘வீரபாண்டிய கட்டபொம்ம’னில் பானர்மேன் துரையாக வந்து தூக்குத் தண்டனை சொல்கிறார். இந்தப் படத்தைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லி ஆக வேண்டியது எதுவும் இல்லை, சுதந்திர தினத்துக்குப் பள்ளிக்கூட மேடையில் ஜாக்சன் துரையிடம் வசனம் பேசாத பையன் ஒருவனாவது நம் பக்கம் உண்டா? என் அக்கா மகன், கல்லூரியில் படிக்கிறவன், “ஏன் சித்தி இப்படிக் கத்துறாங்க?” என்று கேட்டான். முதலில் மேடை நாடகமாக நடந்து, பிறகு படமானது அது; சக்தி கிருஷ்ணசாமி எழுதிய வசனம் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவன் காதுக்கும் எட்ட வேண்டியது. அதை மனதில் வைத்துக் கேட்டால் அது கத்தலாகத் தெரியாது. கெய்ரோவில் ஆசிய ஆப்பிரிக்கப் பட விழாவில் சிவாஜிக்குச் சிறந்த நடிகர் பரிசு கிடைத்தது இதற்குத்தான். கட்டபொம்மனைத் தூக்கில் போட்ட கயத்தாறில் சிவாஜி தன் காசில் இடம் வாங்கிச் சிலை வைத்ததும் எல்லாருக்கும் தெரியும், மதுரை போகிற பஸ்ஸில் இருந்தே பார்த்திருப்பீர்கள்.

தூக்கில் போட்டது 1799 அக்டோபர் 16. இப்போது ஒன்று கவனியுங்கள், வ.உ.சி. தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்ததும் அக்டோபர் 16தான், 1906இல். பாஞ்சாலங்குறிச்சியும் வ.உ.சி. பிறந்த ஒட்டப்பிடாரமும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். கட்டபொம்மன் படம், வ.உ.சி.யைப் பற்றிய ‘கப்பலோட்டிய தமிழன்’ இரண்டையும் எடுத்தவர் ஒரே பி.ஆர். பந்துலு, அவர் நம்ம ஊர்க்காரர்கூட இல்லை, கர்நாடகக்காரர். இவ்வளவு பொருத்தம் தானாக அமைந்திருக்கிறது, ஏதாவது ஒரு சேனல் அந்த ஒரு நாள் இரண்டு படத்தையும் அடுத்தடுத்துப் போட்டால் என்ன?

இரண்டில் எதைப் பார்ப்பது என்று கேட்டால் நான் 1961இல் வந்த ‘கப்பலோட்டிய தமிழ’னைத்தான் சொல்வேன். வந்த காலத்தில் ஓடாத படம். கட்டபொம்மனைப் பார்த்துப் பழகிய கூட்டம் கர்ஜனையை எதிர்பார்த்துப் போயிருக்கும், இதில் சிவாஜி குரலை அடக்கிக்கொண்டு ஒரு வக்கீலாக, கணக்குப் பார்க்கிற கம்பெனிக்காரராக வருகிறார். நிஜத்தில் நடந்ததே படத்தைவிடப் பெரிய கதை. 25 ரூபாய் வீதம் 40 ஆயிரம் பங்கு, மொத்தம் 10 லட்சம் மூலதனம், காலியா, லாவோ என்று இரண்டு கப்பல். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் சும்மா ஏற்றிப் போகிறோம், கையில் ஒரு குடையும் தருகிறோம் என்கிற அளவுக்கு இறங்கியது. வ.உ.சி.யைப் பிடித்ததும் 1908 மார்ச் 13இல் நெல்லையே பற்றி எரிந்தது, துப்பாக்கிச் சூட்டில் நாலு பேர் செத்தார்கள். அதற்குப் பழியாகத்தான் 1911இல் மணியாச்சி ஸ்டேஷனில் கலெக்டர் ஆஷ் துரையை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்றார். தூத்துக்குடி ரயிலில் போகிறபோது வாஞ்சி மணியாச்சி என்று பலகையைப் பார்த்துவிட்டு டீ வாங்குகிறோமே, அதே இடம்தான்.

படத்தில் பாரதியாக வரும் எஸ்.வி. சுப்பையா செங்கோட்டைக்காரர், வாஞ்சியின் ஊர். அவருக்குப் பிறகு யார் முண்டாசு கட்டிக்கொண்டு வந்தாலும் எனக்கு அவர் முகம்தான் குறுக்கே வருகிறது. பாரதி பாட்டுக்கெல்லாம் ஜி. ராமநாதன் மெட்டு, பி.பி. சீனிவாசும் சுசீலாவும் பாடும் ‘காற்று வெளியிடைக் கண்ணம்மா’வைக் கேட்டுக்கொண்டே வேலை செய்தால் கை தானாக நின்றுவிடும். ஆனால் நீங்கள் காத்திருந்து பார்க்க வேண்டியது கடைசிப் பகுதி. செக்கிழுத்து, உடம்பு தேய்ந்து, சிறையை விட்டு வெளியே வருகிறவரை வரவேற்க ஊர் திரண்டு வரவில்லை. தொழுநோயோடு சுப்பிரமணிய சிவா நிற்கிறார், அந்த வேடத்தில் டி.கே. சண்முகம். நான் கடைசியாகப் பார்த்த ஒளிபரப்பில் சரியாக அந்த இடத்தில் அறுத்துவிட்டு ஜவுளிக்கடை விளம்பரம் போட்டார்கள். திரும்பி வந்தபோது காட்சி முடிந்திருந்தது. சேனல் பெயரைச் சொல்ல விரும்பவில்லை.

இப்படி வெட்டுவது ஒரு பக்கம், படத்தை இழுத்து விடுவது இன்னொரு பக்கம். அந்தக் காலத்துப் படச் சட்டம் கிட்டத்தட்டச் சதுரம், இன்றைய டிவி அகலம், அப்படியே இழுத்தால் பத்மினிகூடப் பூசணிக்காய் மாதிரிதான் தெரிவார். ரிமோட்டில் பிக்சர் சைஸ் என்பதில் 4:3 என்று வைத்துப் பாருங்கள், இரண்டு பக்கமும் கறுப்பு விழும், முகம் முகமாக இருக்கும். சேனலே இழுத்து அனுப்பினால் நாம் ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்து இயக்குநர் மகேந்திரன். அவருடைய முதல் இரண்டு படங்களுக்கும் கதை நெல்லைச் சீமையில் இருந்து போனது என்பதை நம்மவர்களே அதிகம் சொல்லிக்கொள்வதில்லை. 1978இல் வந்த ‘முள்ளும் மலரும்’ முன்னீர்பள்ளத்துக்காரரான உமாசந்திரன் கல்கியில் எழுதிப் பரிசு வாங்கிய நாவல். ரஜினி அதில் வின்ச் ஆபரேட்டர், அதாவது மலைமேல் ஆளையும் சாமானையும் இழுத்துப் போகிற வண்டியை இயக்குகிறவர், கோதையாறு மின்நிலையத்து வின்சைப் பார்த்தவர்களுக்கு அந்த வேலை என்னவென்று தனியாகச் சொல்ல வேண்டாம். மறுவருடம் தீபாவளிக்கு ‘உதிரிப்பூக்கள்’, புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யை வைத்து எடுத்தது. கதையில் இருந்து எடுத்துக்கொண்டது தாயில்லாத இரண்டு பிள்ளைகளும் சித்தியும்தான், மற்றதெல்லாம் மகேந்திரன் கட்டியது. விஜயன் செய்யும் அந்தப் பள்ளிக்கூடக்காரர் கையை ஓங்குவதில்லை, சத்தம் போடுவதில்லை, ஆனாலும் அவர் வாசலில் வந்து நின்றாலே நமக்கு வயிற்றைக் கலக்கும். அந்த மாதிரி ஆள் எந்தத் தெருவிலும் உண்டு. புதுமைப்பித்தன் இந்தப் படத்தைப் பார்க்கவில்லை, ‘ராஜமுக்தி’ படத்துக்கு வசனம் எழுதப் புனே போன இடத்தில் காசநோய் முற்றி 1948லேயே போய்விட்டார். சினிமாவால் அவருக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

பாரம் தாங்காது, சிரிக்க வேண்டும் என்கிறவர்களுக்கு ‘காதலிக்க நேரமில்லை’. நாகேஷ் கதை சொல்லச் சொல்லப் பயந்து ஒடுங்குகிற டி.எஸ். பாலையாவும் நம்ம பக்கத்து மனுஷர்தான். ‘தில்லானா மோகனாம்பா’ளில் அவர் தவில்காரராக வருவதையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

தீபாவளி நெருங்கினால் எல்லாச் சேனலும் புதுப்படத்துக்குப் போய்விடும், இவையெல்லாம் நள்ளிரவுக்குத் தள்ளப்படும், அதனால்தான் மாதத் தொடக்கத்திலேயே எழுதுகிறேன். ஆண்டு, இயக்குநர் பெயர் இரண்டையும் பட்டியலில் சேருங்கள். 16ஆம் தேதி கட்டபொம்மனோ வ.உ.சி.யோ வருவதாகத் தெரிந்தால் முதல் நாளே கொட்டை எழுத்தில் போட்டுவிடுங்கள், அன்று காலையில் பார்த்தால் பீடிக்கடைக்குப் போகிற நேரத்தை மாற்றிக்கொள்ள முடியாது.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
முக்கூடல்.