கிளட்ச் பிடிக்காமல் கியர் மாற்றுவதையும் பாடமாக்குங்கள்

இருசக்கர வாகனப் பயிற்சி அளிக்கும் ஓட்டுநர் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு வணக்கம்.

மதுரையில் நெடுங்காலமாக இருசக்கர வாகனப் பட்டறை நடத்திவருபவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். கிளட்ச் பிடிக்காமல் கியர் மாற்றலாமா என்று மாணவர் யாராவது கேட்டால், "அதெல்லாம் செய்யாதே, கியர் பாக்ஸ் போய்விடும்" என்ற ஒற்றை வரியோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அக்கறையோடு சொல்லப்படும் பதில்தான் அது. ஆனால் அதைக் கேட்டுவிட்டுப் போகிறவர், நண்பர் ஒருவரிடம் அரைகுறையாகக் கற்றுக்கொண்டு நகர நெரிசலிலேயே அதைச் செய்து பார்க்கிறார். ஆகவே இதை நீங்களே, காரணத்தையும் எல்லையையும் சேர்த்து, வகுப்பில் சொல்லித்தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கார்களில் இருப்பதுபோல வேகத்தைச் சமன்செய்யும் சிங்க்ரோ வளையங்கள் மோட்டார் சைக்கிளின் கியர் பாக்ஸில் பொதுவாகக் கிடையாது. பற்சக்கர ஜோடிகள் அனைத்தும் எப்போதும் கோத்தபடியே சுழன்றுகொண்டிருக்கின்றன; அவற்றுள் எந்த ஜோடி பின்சக்கரத்துக்கு இழுவையைக் கடத்த வேண்டும் என்பதை, பற்சக்கரத்தின் பக்கவாட்டில் துருத்தி நிற்கும் 'டாக்' என்கிற தடித்த முட்டுகள்தாம் முடிவு செய்கின்றன. பெடலை அழுத்தும்போது ஷிஃப்ட் டிரம் என்கிற உருளை சுழல்கிறது, ஃபோர்க் என்கிற கவை ஒரு சக்கரத்தைத் தண்டின்மேல் நகர்த்துகிறது, அதன் முட்டுகள் பக்கத்துச் சக்கரத்தின் பள்ளங்களில் போய் உட்காருகின்றன. இன்ஜின் இழுத்துக்கொண்டிருக்கும் வரை இந்த முட்டுகள் பள்ளத்தின் சுவரை அழுத்திக்கொண்டே நிற்கும். அந்த அழுத்தத்தை நீக்கி, முட்டுகள் நழுவ இடம்கொடுப்பதுதான் கியர் மாற்றும்போது கிளட்ச் செய்யும் வேலை. ஆக்சிலேட்டரைச் சட்டென்று மூடும்போதும், இன்ஜின் வண்டியை இழுப்பதிலிருந்து வண்டியைத் தடுப்பதற்கு மாறுகிற அந்தக் கணத்தில், அதே அழுத்தம் தானாகவே நீங்கிவிடுகிறது. அதற்குச் சற்று முன்பாகவே கால் பெடலை லேசாக அழுத்திக்கொண்டு காத்திருந்தால், அடுத்த கியர் சத்தமில்லாமல் விழுந்துவிடும்.

இது கியரை ஏற்றும்போதுதான் எளிது. காரணத்தை மாணவருக்கு ஒரு கணக்கோடு விளக்கலாம். மூன்றாவது கியரில் நிமிடத்துக்கு 6000 இன்ஜின் சுற்றில் போகிற வண்டி, அதே வேகத்தில் நான்காவதுக்கு மாறினால் இன்ஜின் ஏறத்தாழ 4800 சுற்றுக்கு இறங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆக்சிலேட்டரை மூடினால் சுற்று தானாகவே இறங்குகிறது. அதாவது, நாம் செய்யும் செயலும் கியர் பாக்ஸின் தேவையும் ஒரே திசையில் போகின்றன. கியரை இறக்கும்போது இது தலைகீழாகிவிடுகிறது. நான்காவதிலிருந்து மூன்றாவதுக்கு வர இன்ஜின் சுற்று ஏற வேண்டும். ஆனால் வேகத்தைக் குறைப்பதற்காக ஆக்சிலேட்டரை மூடியிருக்கிறோம். எனவே பெடலை அழுத்தும் அதே நொடியில் ஆக்சிலேட்டருக்கு ஒரு சிறு உதறல் கொடுத்துச் சுற்றை ஏற்றியாக வேண்டும். அந்த உதறல் பிந்தினால் பின்சக்கரம் வெட்டி இழுக்கும். கியர் முழுதாக விழாமல் இடையில் நின்றுவிட்டால், இன்ஜின் தடுப்பு கொஞ்சமும் இல்லாமல் வண்டி உருளும். முதல் கியருக்கும் இரண்டாவதுக்கும் நடுவே நியூட்ரல் இருப்பதோடு, சுற்று வேறுபாடும் அங்கேதான் அதிகம் என்பதால், அந்த மாற்றத்தைக் கிளட்ச் இல்லாமல் பழக்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

ஆக்சிலேட்டரை மூடாமலே பெடலை உதைத்து ஏற்றுபவர்களின் கியர் பாக்ஸைப் பிரித்தால் சேதம் கண்ணுக்கே தெரியும். கூர்மையான விளிம்போடு இருக்க வேண்டிய முட்டுகளின் மூலைகள் மழுங்கி, தேய்த்த நாணயத்தைப் போல் பளபளக்கும். ஃபோர்க்கின் நுனியில் ஒரு பக்கம் மட்டும் நீலம் பூத்திருக்கும். அதற்குப் பிறகு சுமையேற்றி முறுக்கினாலே கியர் கழன்று துள்ளும். அதைச் சரிசெய்யப் பெரும்பாலான வண்டிகளில் இன்ஜினையே இரண்டாகப் பிளக்க வேண்டியிருக்கிறது.

கிளட்ச் பிடிக்காமலே கியர் மாற்ற உதவும் குவிக் ஷிஃப்டர் என்ற கருவி பொருத்திய வண்டிகள் நம் சாலைகளுக்கு வந்த பிறகு இந்தக் குழப்பம் கூடியிருக்கிறது. 2020இல் வந்த கேடிஎம் 390 அட்வென்ச்சரிலும், 2023இல் வந்த டிவிஎஸ் அப்பாச்சி ஆர்டிஆர் 310இன் சில வகைகளிலும் அந்த வசதி உண்டு. பெடலோடு இணைந்த உணரி, கால் அழுத்தத்தை அறிந்தவுடன் இன்ஜினின் இழுவையை மிகச் சிறிய நேரத்துக்குத் துண்டித்து, முட்டுகள் நழுவ வழிவிடுகிறது. அந்த உணரி இல்லாத வண்டியிலும் முழு முறுக்கில் பெடலை உதைக்கலாம் என்று சிலர் நம்பிவிடுகிறார்கள். கியர் மாற்றக் கையால் கிளட்ச் பிடிக்கத் தேவையில்லாத வண்டிகள் முன்பும் இருந்தன: மைசூரில் தயாரான ஜாவா, யெஸ்டி வண்டிகளில் கியர் பெடலை அசைத்தாலே கிளட்சும் விடுபடும், 1958இல் ஹோண்டா வெளியிட்ட சூப்பர் கப்பில் கிளட்ச் பிடியே கிடையாது. அவற்றில் எல்லாம் கிளட்ச் உள்ளே வேலை செய்துகொண்டுதான் இருந்தது.

இனி, இந்தப் பாடம் உண்மையில் எங்கே தேவைப்படுகிறது என்பதற்கு வருகிறேன். கிளட்ச் வயர் எப்போது அறுந்தாலும் நடுவழியில்தான் அறுகிறது. கிளட்ச் பிடிக்குள் வயர் முனையின் குமிழ் உட்காரும் இடத்தில் இழைகள் ஒவ்வொன்றாகத் தெறித்துப் பல நாட்களுக்கு முன்பே எச்சரிக்கும். பிடி சொரசொரக்கும், ஆட்டம் கூடும். இதை விரலால் தடவிப் பார்க்கக்கூட யாரும் மாணவர்களுக்குக் கற்றுத்தருவதில்லை. வயர் அறுந்த பிறகு, ஓடும் வண்டியை எப்படி ஓட்டி ஒரு பட்டறைக்குக் கொண்டுசேர்ப்பது என்றும் தெரிவதில்லை. உரிமத்துக்கான தேர்வில் எட்டுப் போடுவதற்குப் பெரும்பாலும் ஒரே கியர் போதுமானதாக இருப்பதால், கியர் மாற்றும் திறமை அங்கே சோதிக்கப்படுவதே இல்லை.

ஆகவே காலி மைதானத்தில், கிளட்ச் பிடியைத் தொடாமல், சில பயிற்சிகளைச் செய்யவைக்க வேண்டுகிறேன். நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டு, வண்டியைத் தள்ளி நடைவேகம் வந்ததும் ஏறி அமர்ந்து முதல் கியரைப் போடுவது. இரண்டாவதுக்கு மேலே கியரை ஏற்றுவது. நிற்க வேண்டிய இடத்துக்கு வெகு முன்பாகவே வேகத்தைக் குறைத்து நியூட்ரலுக்கு வருவது. நியூட்ரல் கிடைக்காவிட்டால் பதறாமல், இன்ஜினை நிறுத்தும் கில் சுவிட்சை அணைத்துப் பிரேக்கைப் பிடிப்பது. இவற்றுள் நியூட்ரலுக்கு வருவதற்கே அதிக நேரம் ஒதுக்குங்கள். சிக்னலில் முன்னே நிற்பவரின் மீது வண்டி போய் மோதுவது அதில் தடுமாறும்போதுதான்.

மலைப்பாதைக்கு மட்டும் தனியாக ஓர் எச்சரிக்கை வேண்டும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலோ, ஆழியாறிலிருந்து வால்பாறை போகும் வழியின் 40 வளைவுகளிலோ இறங்கும்போது வயர் அறுந்தால், இரண்டாவது கியரில் இருப்பவர் கீழே வரும்வரை அதே கியரில் இருக்க வேண்டும். மேலே இருக்கும் கியரில் அறுந்தால், நேரான பகுதியில் பிரேக்கால் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட வேண்டும். வளைவுக்குள் கியரை இறக்க முயன்று, அது இடையில் நின்றுபோனால், வண்டியின் முழு எடையையும் பிரேக் ஒன்றே தாங்க வேண்டிவரும். நெடும்பயணம் போகிறவர்களில் பலர் மாற்று வயர் ஒன்றைப் பழைய வயரோடு சேர்த்தே கட்டி வைத்துக்கொள்வதுண்டு. அதையும் உங்கள் மாணவர்களுக்குச் சொல்லுங்கள்.

பிளந்து வைத்த கியர் பாக்ஸ் ஒன்றைக் கையில் எடுத்துக் காட்டினால், நான் இங்கே பத்தி பத்தியாக எழுதியது மாணவருக்குச் சில நிமிடங்களில் விளங்கிவிடும். உங்கள் ஊர்ப் பட்டறைகளில் கேட்டால் கழித்துப்போட்ட பாகங்களைக் கொடுக்க யாரும் மறுக்க மாட்டார்கள். மதுரையில் உள்ள பள்ளிகளுக்கு, மழுங்கிய முட்டுகள் கொண்ட ஒரு தொகுதியும் புதிய தொகுதி ஒன்றும் என் பட்டறையிலிருந்தே தரச் சித்தமாக இருக்கிறேன். வகுப்பு நாளைச் சொன்னால் நானே கொண்டுவந்து விளக்குகிறேன்.

இப்படிக்கு,
இருசக்கர வாகனப் பழுதுநீக்குநர் ஒருவர்,
மதுரை.