கைமாறும் தெருமுனை லேப்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்னை ஹைடெக் டயக்னாஸ்டிக் சென்டரை 2021-இல் மெட்ரோபோலிஸ் என்ற பெரிய லேப் நிறுவனம் வாங்கியது. சிறிய லேப்களும் இப்படிக் கைமாறுகின்றன. பெயர்ப்பலகை மாறினால் நோயாளிக்கு நஷ்டமில்லை. ஆனால் ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜும் சோதனை செய்யும் அனலைசரும் போய், ரத்தம் எடுத்து அனுப்புகிற இடமாக மட்டும் லேப் சுருங்கினால் கவலைப்படத்தான் வேண்டும்.

சர்க்கரை குறையாமல் காக்கும் ஃபுளோரைடு இல்லாத குழாயில், சீரம் எனும் தெளிந்த நீரை அணுக்களிலிருந்து பிரிக்காமல் ரத்தத்தை வைத்தால், அறை வெப்பத்தில் மணிக்குச் சுமார் 5 முதல் 7 சதவீதம் சர்க்கரை குறையும். பொட்டாசியம் அணுக்களிலிருந்து கசிந்து கூடிக் காட்டும். பிரிக்காமலே ஐஸ் பெட்டியில் வைத்தால் பொட்டாசியக் கசிவு இன்னும் மோசம். கல்ச்சருக்கான (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கான) சிறுநீர் 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடந்தால் கிருமி பெருகி, இல்லாத தொற்றும் இருப்பதாக வரும். அதற்கு ஆன்டிபயாடிக் வேறு எழுதப்படும்!

அறிக்கையில் சந்தேகம் வந்து டாக்டர் போன் செய்தால், உள்ளூர் லேபில் அதே சாம்பிளை உடனே மறுபடி ஓட்டிப் பார்ப்பார்கள். அந்த வசதியும் போய்விடுகிறது.

வாங்கும் நிறுவனங்கள் ஒவ்வொரு கிளையிலும் ஒரு சென்ட்ரிஃபியூஜையும் அதை இயக்கத் தெரிந்தவரையும் வைத்திருக்க வேண்டும். ரத்தம் எடுத்த நேரம், சீரம் பிரித்த நேரம் இரண்டையும் அறிக்கையில் அச்சிட அரசு உத்தரவிட வேண்டும். சர்க்கரைக்குச் சாம்பல் நிற மூடியுள்ள ஃபுளோரைடு குழாய்தானா என்று நோயாளிகளும் தயங்காமல் கேளுங்கள்.

– லேப் டெக்னீஷியன், தஞ்சாவூர்