கடல்பசுவுக்காக அறுத்த வலைக்கு காசு யாரு தர்றது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் தஞ்சாவூர் மாவட்டம் மல்லிப்பட்டினம் பக்கம், வீட்ல தலைமுறையா நாட்டுப்படகு தொழில். எங்க ஊரு பக்கத்துல மனோராவுல 90 கோடி ரூபாய்க்கு சர்வதேச கடல்பசு பாதுகாப்பு மையம் வருதுன்னு செய்தி படிச்சதுலேர்ந்து இதை எழுதணும்னு மனசுல கிடந்துச்சு.

2022 செப்டம்பர்ல தஞ்சாவூர், புதுக்கோட்டை கடல்ல 448 சதுர கிலோமீட்டரை கடல்பசு பாதுகாப்பகமா அரசு அறிவிச்சப்ப எங்களுக்கு சந்தோஷம்தான், இந்தியாவுலயே இதுதான் முதல் கடல்பசு பாதுகாப்பகம். கடல்பசுவை நாங்க ஆவுளியான்னு சொல்லுவோம். அது மேயுற கடல்புல்லுலதான் நண்டு, இறால், மீன் குஞ்செல்லாம் வளருது, புல்லு அழிஞ்சா அதுக்கும் சோறு இல்ல எங்களுக்கும் சோறு இல்ல.

ஆனா கடல்ல நடக்குறதை கொஞ்சம் கேளுங்க. ஆவுளியா மீன் கிடையாது, நம்மள மாதிரி மூச்சு விடுற பிராணி, சில நிமிஷத்துக்கு ஒருக்கா மேல வந்தே ஆகணும், வலையில மாட்டி மேல வர முடியலன்னா தண்ணிக்குள்ளயே செத்துரும். 300 கிலோவுக்கு மேல வளர்ற உருப்படி, அதை வச்சுக்கிட்டு பொறுமையா சிக்கு எடுக்க எங்க நேரம், கத்தியை எடுத்து வலையை அறுத்தாதான் அது பிழைக்கும். எங்க சித்தப்பா அப்படித்தான் அறுத்து விட்டாரு. அன்னிக்கு பாடும் (பிடிச்ச மீனும்) போச்சு, கடன் வாங்கி கட்டுன வலையும் போச்சு. கரைக்கு வந்ததும் சால்வை போட்டு போட்டோ எடுத்தாங்க, வலைக்கு காசு கேட்டு ஒரு ஆபீஸுக்கு எத்தனை நடை நடந்தாருன்னு எனக்குத்தான் தெரியும், கடைசியில வெறுத்துப்போய் விட்டுட்டாரு. அடுத்த தடவை மாட்டுனா கத்தியை எடுக்க அவரு யோசிக்க மாட்டாருன்னு நான் எப்படி சொல்றது?

மையம் வேணாம்னு சொல்லல, வரட்டும், எங்க புள்ளைங்களுக்கு அதுல வேலையும் குடுக்கட்டும். ஆனா கடல்பசுவுக்குன்னு ஒதுக்குற பணத்துல ஒரு பங்கை அறுத்த வலைக்குன்னு தனியா வைக்கணும், செல்போன் வீடியோவை ஆதாரமா எடுத்துக்கிட்டு ஒரு வாரத்துக்குள்ள பேங்க்ல போடணும். அதோட தமிழ்நாட்டோட 1983 கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி கரையை ஒட்டுன கடல்ல குறிப்பிட்ட தூரத்துக்குள்ள விசைப்படகு மடி (இழுவலை) இழுக்கக் கூடாது, அந்த மடிதான் கடல்புல்லை வேரோட வாரிட்டுப் போகுது, அதைத் தடுக்க ரோந்து படகும் டீசலும் இந்தக் காசுலயே குடுங்க.

இப்படிக்கு,
ஒரு மீனவர் மகன்,
மல்லிப்பட்டினம்.