நியூபோர்ட் புல்தரையிலிருந்து நுங்கம்பாக்கத்துக்கு ஒரு மடல்

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தாருக்கும், மாநில டென்னிஸ் சங்கத்தாருக்கும், சென்னையின் பழைய டென்னிஸ் கிளப்புகளை நடத்தி வருபவர்களுக்கும் வணக்கம்.

சென்ற கோடையில் பாஸ்டனிலிருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, பத்து வயதுப் பேத்தியை அழைத்துக்கொண்டு அமெரிக்காவின் நியூபோர்ட் நகரிலுள்ள சர்வதேச டென்னிஸ் ஹால் ஆஃப் ஃபேம் எனும் புகழ் மன்றத்தின் அருங்காட்சியகத்துக்குச் சென்றேன். அங்கே பார்த்ததை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அது 1880-இல் கட்டப்பட்ட நியூபோர்ட் கேசினோ. பெயரைக் கேட்டுச் சூதாட்டக் கூடம் என்று நினைத்துவிட வேண்டாம்; அந்தக் காலச் செல்வந்தர்களின் கிளப் அது. அமெரிக்காவின் முதல் தேசிய டென்னிஸ் போட்டி 1881-இல் அதன் புல்தரையில்தான் நடந்தது. எங்கும் தூக்கிக்கொண்டு போய் நட்டுக்கொள்ளக்கூடிய ஆடுகளத்துக்காக விங்ஃபீல்டு என்ற ஆங்கிலேய ராணுவ மேஜர் 1874-இல் பெற்ற காப்புரிமையின் கதையும் அங்கே சொல்லப்படுகிறது. வலை, கம்பம், மட்டை, பந்து எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடைத்து விற்றவர் அவர்.

பேத்தி இதிலெல்லாம் அதிக நேரம் நிற்கவில்லை. தொடுதிரைக்கு ஓடிவிட்டாள். ஒரு பெயரைத் தொட்டால் அந்த வீரரின் வாழ்க்கை விரிகிறது. அவள் விரல் ஒவ்வொரு பெயராகத் தள்ளிக்கொண்டே வந்து விஜய் அமிர்தராஜிடம் நின்றது. “தாத்தா, இவர் நம் ஊரா?” என்று கேட்டாள். நான் பதில் சொல்லச் சற்று நேரமாயிற்று. தொண்டை அடைத்துக்கொண்டது.

2024-இல் விஜய்க்கும் லியாண்டர் பயஸுக்கும் அந்த மன்றத்தில் இடம் கிடைத்தது. ஆசிய ஆண்களில் அந்த மரியாதையைப் பெற்ற முதல் இருவர் அவர்கள். ஒருவர் மதராஸ்காரர், மற்றவர் கல்கத்தாவிலிருந்து வந்து மதராஸில் அமிர்தராஜ் குடும்பத்தாரின் பயிற்சிக் கூடத்தில் வளர்ந்தவர். ஜன்னலுக்கு வெளியே தெரிந்த அதே புல்தரையில்தான் விஜய் 1976, 1980, 1984 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் பட்டம் வென்றார். ஏ.டி.பி. எனும் ஆண்கள் தொழில்முறைப் போட்டித் தொடரில் பயஸ் தம் ஒரே ஒற்றையர் பட்டத்தை 1998-இல் வென்றதும் அங்கேதான்.

அந்தப் புல்தரையில் கட்டணம் செலுத்தி யாரும் ஆடலாம். நாங்களும் ஆடினோம். பந்து தரையில் பட்டதும் எழும்பும் என்று காத்திருந்தாள் பேத்தி. அது எழும்பவில்லை, வழுக்கிக்கொண்டு அவள் கணுக்காலருகே ஓடிவிட்டது. நான்காவது பந்தில் தானாகவே முழங்காலை மடித்துக் குனிந்தாள். பந்து தரையில் பட்டு வழுக்கும் முன்பே அடித்துவிடத்தான் விஜய் சர்வீஸ் போட்ட கையோடு வலையை நோக்கி ஓடினார் என்பதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இப்படித் தொட்டும் ஆடியும் பார்க்கிற டென்னிஸ் அருங்காட்சியகம் ஒன்றைச் சென்னையில் அமையுங்கள். அதுவே என் வேண்டுகோள். 1997 முதல் 2017 வரை ஏ.டி.பி. போட்டி நடந்த நுங்கம்பாக்கம் அரங்கத்தில் ஓர் அறை போதும். பளிங்கு மாளிகை வேண்டாம்.

அந்த அறையில் முதலில் வைக்க வேண்டியது, கையால் எண்களைத் திருப்புகிற பழைய ஸ்கோர் பலகை. 1966, கல்கத்தா, நாடுகள் மோதும் டேவிஸ் கோப்பையில் பிரேசிலுடன் இறுதிக்கு முந்தைய சுற்று. இரு அணிகளும் 2-2 என்று நிற்க, கடைசி ஆட்டத்தில் ராமநாதன் கிருஷ்ணன் தாமஸ் கோக் என்ற பிரேசில் வீரரிடம் செட் கணக்கில் 1-2 என்று பின்தங்கி, நான்காவது செட்டிலும் 2-5 என்று நிற்கிறார். அங்கிருந்து 7-5 வரைக்கும் ஒவ்வொரு எண்ணாகப் பிள்ளைகள் திருப்பட்டும். பிறகு ஐந்தாவது செட்டில் 6-2. இந்தியா முதன்முறையாக இறுதிக்குப் போனது அந்த ஆட்டத்தால்தான். புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்தால் அந்தத் தவிப்பு தெரியாது. கை வலிக்கத் திருப்பினால் தெரியும்.

1974-க்கும் ஒரு மூலை ஒதுக்குங்கள். விஜய், ஆனந்த் சகோதரர்கள் ஆடிய அணி மீண்டும் இறுதிக்கு வந்தது. எதிரணி தென்னாப்பிரிக்கா. நிறவெறியை எதிர்த்து இந்தியா ஆட மறுத்தது. கோப்பை ஆடாமலேயே தென்னாப்பிரிக்காவுக்குப் போயிற்று. “நீ அந்த அணியில் இருந்தால் ஆடியிருப்பாயா?” என்று திரை கேட்கட்டும். பிள்ளை பதில் சொன்ன பிறகு, அந்த அணியில் இருந்தவர்களின் குரலே மறுபக்கத்தைச் சொல்லட்டும்.

குரல் என்றதும் எனக்கு உள்ள பெரும் கவலையைச் சொல்லிவிடுகிறேன். உறுப்பினர்களோடு ஆடிப் பழக்கிய மார்க்கர்கள், மட்டைக்கு நரம்பு கட்டியவர்கள், வெயிலில் பந்து பொறுக்கிய பையன்கள் ஆகியோர் இன்று முதியவர்கள். எந்த வீரனின் மணிக்கட்டு எப்படித் திரும்பும் என்பது அவர்களுக்குத் தெரியும். கோப்பைகளைப் பத்து வருடம் கழித்தும் சேகரித்துக்கொள்ளலாம். இவர்களிடம் ஒலிப்பதிவுக் கருவியோடு இந்த மாதமே யாராவது போக வேண்டும். கிளப் நிர்வாகிகளே, அவர்களின் முகவரி உங்களிடம்தான் இருக்கும்.

என் தாய்மாமாவின் மர மட்டை எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. மழைக்காலத்து ஈரத்தில் கோணிவிடாமல் இருக்க நான்கு திருகு வைத்த மரச்சட்டத்தில் இறுக்கி வைத்திருந்தார். ஒரு திருகு துருப்பிடித்துவிட்டது. மற்ற மூன்றும் சுழல்கின்றன. அறை தயாரானதும் சொல்லுங்கள், கொண்டுவந்து தருகிறேன். கண்ணாடிப் பெட்டிக்குள் மட்டும் பூட்டிவிடாதீர்கள். பிள்ளைகள் கையில் கொடுங்கள். நரம்பு அறுந்தால் என் செலவில் கட்டித் தருகிறேன்.

இப்படிக்கு,
நுங்கம்பாக்கத்தின் மாடங்களில் வெயில் காய்ந்த பழைய ரசிகன்