செம்புக் குழாயில் இறங்கும் காந்தம்

அன்புள்ள நண்பா,

வீட்டில் எல்லோரும் நலம். அக்காவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, அந்தக் கவலையை விடு. இப்போது எழுதுவது வேறு விஷயம்.

மகளின் பள்ளி ப்ராஜெக்ட்டுக்காக ஒரு செம்புக் குழாயும் நியோடிமியம் காந்தமும் வாங்கினேன். செம்பில் காந்தம் ஒட்டாது. ஒட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள். அப்புறம் குழாயை நிமிர்த்திப் பிடித்து, காந்தத்தை உள்ளே விட்டாள். ஒரு மீட்டர் உயரம். சும்மா விழுந்தால் அரை நொடிகூட ஆகாது. இது விழவில்லையடா, இறங்கியது! மேலிருந்து எட்டிப் பார்த்தால், தேனுக்குள் போட்ட கோலிக்குண்டு மாதிரி ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. "மாட்டிக்கிச்சாப்பா?" என்று அவள் கேட்டு முடித்த பிறகுதான் கீழே வந்தது.

காந்தப்புலம் மாறும்போது கிளம்பும் மின்னோட்டம் அந்த மாற்றத்தை எதிர்க்கும் என்கிற லென்ஸ் விதியை மூச்சு விடாமல் ஒப்பித்தவன் நீ. நமக்கு யாராவது ஒரு தடவையாவது இதைக் காட்டினார்களா? சமன்பாட்டில் ஒரு மைனஸ் குறி, இரண்டு மார்க், முடிந்தது பாடம். அந்த மைனஸ் குறிதான் காந்தத்தைத் தாங்குகிறது! காந்தம் இறங்க இறங்க, அதற்குக் கீழே குழாயில் காந்தப்புலம் கூடுகிறது, மேலே குறைகிறது. இரண்டு இடத்திலும் செம்பில் வட்ட வட்டமாக மின்னோட்டம் கிளம்புகிறது. கீழே ஓடுவது காந்தத்தை மேல்நோக்கித் தள்ளுகிறது, மேலே ஓடுவது பின்னுக்கு இழுக்கிறது. அந்த மின்னோட்டம் எதிர்க்காமல் உதவி செய்தால் என்ன ஆகும் என்று அவளிடம் கேட்டேன். "வேகம் கூடும், கரண்ட் கூடும், இன்னும் வேகம் கூடும்... சும்மா எப்படி வரும்?" என்றாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆற்றல் சும்மா வராது என்பதால்தான் இந்த எதிர்ப்பு. காந்தம் இழக்கும் ஆற்றல் குழாயில் வெப்பமாகிவிடுகிறது.

காந்தத்தை நடுவில் பிடித்து நிறுத்தினால் மின்னோட்டமே கிடையாது. புலம் மாறினால்தான் உண்டு. இது பிடிபடத்தான் அத்தனை வருடம். மின்னோட்டம் திசைகாட்டி முள்ளைத் திருப்புவதை ஏர்ஸ்டெட் 1820-இல் கண்டார். அப்படியானால் காந்தத்திலிருந்து மின்சாரம் வரவேண்டுமே என்று பலரும் தேடினார்கள். பாரடேவுக்கு அது அகப்பட்டது 1831-இல். நடுவில் 1825-இல் ஜெனீவாவில் கொலாடோன் என்பவர் சரியான சோதனையையே செய்தார். காந்தம் பக்கத்தில் இருந்தால், மின்னோட்டத்தைக் காட்டும் கருவியான கால்வனோமீட்டரின் முள்ளை ஆட்டிவிடும் என்று, நீளக் கம்பி இழுத்து அதை வேறு அறையில் வைத்தார். காந்தத்தைக் கம்பிச்சுருளருகே கொண்டுபோனார். பிறகு நடந்துபோய் முள்ளைப் பார்த்தார். அதற்குள் அது அசைந்து, பழைய இடத்துக்கே வந்துவிட்டிருந்தது. கவனமாக வேலை செய்ததாலேயே கைநழுவிப் போனது. அந்த அறையில் ஒரு ஆளை நிறுத்தியிருந்தால் போதும். இதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை.

சரி, ஒரு வேலை ஆக வேண்டும். குழாயை நீளவாக்கில் ஒரு பக்கம் அறுத்துவிட்டால் வட்டம் அறுந்து காந்தம் தடையே இல்லாமல் விழும் என்கிறாள் மகள். வேகம் கூடும், ஆனால் கீறலுக்கு இப்பால் சின்னச் சுழல்கள் ஓடுமாகையால் தடை கொஞ்சம் மிஞ்சும் என்பது என் கட்சி. உன் பட்டறையில் அறுத்துத் தருவாயா? ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வருகிறோம். ஃபியூஸ் கட்டை கதையை அவளிடம் இன்னும் சொல்லவில்லை, பயப்படாதே.

அன்புடன்,
உன் பெஞ்சுக்காரன்