அப்பாவுக்கு ஏது வாக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கை மலையகத் தோட்டத் தொழிலாளர்களின் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் 1947 முதல் 1999 இல் கண்மூடும்வரை தோட்ட மக்களின் வாக்குகளால் இடைவிடாமல் பாராளுமன்றத்தில் இருந்தார் என்று கடந்த ஞாயிறு எழுதியிருக்கிறீர்கள். வாசித்ததும் தேத்தண்ணி ஆறிப்போனது.

எங்கள் அப்பாவுக்கு நுவரெலியாப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. 1947 இல் தொண்டமானுக்குத்தான் வாக்குப் போட்டார். 1948 இல் எங்களை நாடற்றவர்களாக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, மறுவருடம் வாக்குரிமையும் போனது. 1952 தேர்தலுக்குப் பட்டியலில் பேர் இல்லை. 1984 இல் இறந்தார். ஆயுளில் ஒரே ஒரு வாக்கு. மிச்ச வாக்குகளை உங்கள் கட்டுரையாளர் எந்தப் பெட்டியில் எண்ணினாரோ!

தொண்டமானும்தான் இடைவிடாமல் எங்கே இருந்தார்? 1952 க்குப் பிறகு எட்டு வருடம் வெளியே. 1960 இலும் 1965 இலும் மக்கள் வாக்கில்லாமல் அரசாங்கம் நியமித்த நியமன உறுப்பினர். 1970 இல் அதுவும் இல்லை. 1977 இல் நுவரெலியா–மஸ்கெலியா மூன்று அங்கத்தவர் தொகுதியில் காமினி திசாநாயக்கவுக்கும் அநுர பண்டாரநாயக்கவுக்கும் பின்னால் மூன்றாவதாக வந்துதான் உள்ளே போனார். தாங்கள் அறியாததா? நடுவில் விட்டுப்போன அந்த வருடங்கள்தான் ஐயா எங்கள் கதை.

அவரைத் தலையில் தூக்கி ஆடுகிறவன் இல்லை நான். 1978 இல் கிராமியக் கைத்தொழில் அமைச்சரானார், எங்கள் லயத்து வீட்டுக் கூரைத் தகரம் பழையபடி ஒழுகியது. ஆனால் 1986 தைப்பொங்கலன்று தொடங்கிய பிரார்த்தனைப் போராட்டத்தை மறக்கமாட்டேன். வேலைக்குப் போகாமல் சாமி கும்பிடுகிறவனை எந்தத் தோட்டத் துரை என்ன செய்வான்? நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை தரும் சட்டம் அந்த வருடமே வந்தது. நான் வாக்குச்சீட்டில் முதல் புள்ளடி போட்டபோது நாற்பது வயது. பிரஜாவுரிமை இல்லாதவனுக்கு அரசாங்க உத்தியோகம் ஏது? செட்டியார் தெருவில் அடுத்தவர் நகைக்குக் கணக்கெழுதியே காலம் போனது.

அப்புறம், மலையகம் என்றால் கொழுந்துக்கூடையோடு சிரிக்கும் அதே பெண்ணின் படம்தானா? இந்தக் கட்டுரைக்கும் அவர்தான். இரண்டு வருடத்துக்கு முன் இதைப் பற்றி எழுதினேன், போடவில்லை. இடமில்லை போலும். அந்த வாரம் நகைக்கடை விளம்பரம் முழுப்பக்கம்.

சரி, பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு ஏதாவது ஒரு மூலையில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். அப்பா பெயர் வேண்டாம், வருடங்கள் சரியாக இருந்தால் போதும்.

இப்படிக்கு,
செட்டியார் தெரு முன்னாள் கணக்கப்பிள்ளை,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.