அம்முணிக்கு: கென்யாவுக்குக் கிளம்பும் முன்

தாராபுரம்
ஜனவரி 4

அன்புள்ள அம்முணிக்கு,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். கென்யா போக மே 20-க்கு டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறது, எடுத்துவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். எடுக்காதே கண்ணு. ஆறாம் செமஸ்டரில் நின்ற பேப்பர் ஒன்று இருக்கிறது. அரியர் பேப்பருக்கு என்றைக்குத் தேதி விழும் என்பது டைம் டேபிள் வந்தால்தான் தெரியும். மழையோ தேர்தலோ வந்து ஒரு பரீட்சையைத் தள்ளிவைத்தால், அதைக் கடைசிப் பரீட்சைக்குப் பின்னால்தான் கொண்டுபோய் ஒட்டுவார்கள். மலிவு டிக்கெட்டில் தேதி மாற்றினால் மிச்சம் பிடித்ததைவிட அபராதம் அதிகமாகும். ஜூன் 10-க்குப் பிறகு எந்த நாளாக இருந்தாலும் எனக்குச் சம்மதம். நீ போகப் போகும் கிசுமு நகரத்துப் பக்கம் மார்ச்சில் தொடங்கும் பெருமழையும் அதற்குள் ஓய்ந்துவிடும். பள்ளிக்கூடத்தில் தொட்டி கட்டப் போகிறவர்களுக்கு அதுதான் சரியான சமயம்.

அங்கே இருக்கும் சபை நம் ஆயருக்கு எழுதிய கடிதத்தை நானும் வாசித்தேன். பிரசங்கம் பண்ண ஆள் வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. மழைத் தண்ணீர்த் தொட்டி கட்டத் தெரிந்த ஒருவர் வேண்டும் என்றுதான் கேட்டிருக்கிறார்கள். உன் கட்டுமானப் படிப்பைத்தான் அவர்கள் கேட்கிறார்கள். அதனால் படிப்பை ஒரு பக்கமும் ஊழியத்தை ஒரு பக்கமும் வைத்துத் தராசு பிடிக்காதே. அந்த அரியர் பேப்பரும் ஊழியத்துக்கான ஆயத்தம்தான்.

முதலில் ப்ராஜெக்ட். கடைசி செமஸ்டரில் அது ஒன்றுதானே என்று ஜனவரியை விட்டுவிடுகிறவர்கள்தான் ஏப்ரலில் அழுகிறார்கள். உன்னுடையது கொட்டாங்குச்சியை ஜல்லிக்குப் பதிலாகப் போடும் கான்கிரீட். 0, 10, 20, 30 சதவீதம் என்று நான்கு கலவை. ஒவ்வொன்றிலும் வலிமை பார்க்க 7 நாளில் உடைக்க மூன்று க்யூப் (கனசதுரக் கட்டி), 28 நாளில் உடைக்க மூன்று. ஆக 24 க்யூப். 150 மில்லிமீட்டர் க்யூப் ஒன்று எட்டுக் கிலோ இருக்கும், மொத்தம் இருநூறு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. லேபில் ஆறு அச்சுதான் உனக்குக் கிடைக்கும் என்றால் நான்கு நாள் வார்க்க வேண்டும், ஏனென்றால் ஒரு நாள் கழித்துத்தான் அச்சைப் பிரிக்க முடியும். பிப்ரவரி முதல் வாரத்தில் வார்த்து முடித்தால் மார்ச் முதல் வாரத்தில் 28 நாள் கணக்கு கையில் இருக்கும். மார்ச்சில் வார்த்தால் எல்லா பேட்சும் ஒரே மெஷின் முன்னால் வரிசையில் நிற்கும்போது நீயும் நிற்பாய். 28 நாளைச் சுருக்க யாராலும் முடியாது.

கொட்டாங்குச்சியை வார்ப்பதற்கு முந்தின நாளே தண்ணீரில் ஊறப் போடு, முழுதாக 24 மணி நேரம். காய்ந்த ஓடு தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீரை உறிஞ்சும். ஊறவைக்காமல் போட்டால் கலவையில் நீ அளந்து ஊற்றிய தண்ணீரை அது குடித்துவிடும், கலவை இறுகி அச்சின் மூலையில் இறங்காது, தேன்கூடு மாதிரி ஓட்டை விழும். ஊறியதை எடுத்து மேல் ஈரத்தைச் சாக்கில் துடைத்துவிட்டுப் போட வேண்டும், சொட்டச் சொட்டப் போட்டால் வேறு மாதிரிக் கெடும். மூன்று க்யூபில் ஒன்று சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகினால் அந்தக் கணக்கு செல்லாது என்று கான்கிரீட் சோதனைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 516 சொல்கிறது. அதனால் ஒவ்வொரு கலவைக்கும் கூட ஒரு க்யூப் வார்த்து வைப்பது நல்லது. பொள்ளாச்சியிலிருந்து ஒரு மூட்டை ஓடு அடுத்த வாரம் தாட்டிவிடுகிறேன்.

ரிப்போர்ட் விஷயத்தில் தாமதம் வருவது எழுதுவதில் இல்லை, கையெழுத்தில். கைடு லீவில் இருப்பார், எச்.ஓ.டி. வேறு காலேஜுக்கு எக்ஸ்டர்னலாகப் போயிருப்பார். வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வுக்கு) இரண்டு வாரம் முன்னாலேயே, அவர்கள் கையெழுத்துப் போட வேண்டிய போனஃபைடு பக்கத்தை எடுத்துக்கொண்டு போய் நில். நோ ட்யூஸ், டி.சி., ஹாஸ்டல் டெபாசிட் எல்லாவற்றையும் ஊருக்கு வருவதற்கு முன்பே முடித்துவிடு. ரிசல்ட் வரும்போது நீ இங்கே இருக்க மாட்டாய். ரீவேல்யூஷனுக்கு முதலில் விடைத்தாள் நகல் கேட்க வேண்டும், பிறகு விண்ணப்பம், அதற்குக் கிடைப்பது சில நாள்தான். உன் ரூம்மேட்டிடம் ரிஜிஸ்டர் நம்பரும் ஒரு கையெழுத்திட்ட கடிதமும் பணமும் கொடுத்துவிட்டு வா. உன் சிம்மில் இன்டர்நேஷனல் ரோமிங்கை இங்கேயே ஆன் பண்ணிவிட வேண்டும், இல்லாவிட்டால் பேங்க் ஓ.டி.பி. அங்கே வராது.

இனி பாஸ்போர்ட். இந்த வாரமே விண்ணப்பித்துவிடு. 36 பக்கம் சாதாரணமாக 1,500 ரூபாய், தட்கல் என்றால் இன்னும் 2,000. இப்போது தொடங்கினால் தட்கல் தேவைப்படாது. வீட்டு முகவரியையே போடு, போலீஸ் விசாரணைக்கு வரும் நாளில் ஊரில் இருந்தால் போதும். கவனிக்க வேண்டியது பெயர். உன் மார்க் ஷீட்டில் இனிஷியல் இருக்கிறது, பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட முடியாது. கிவன் நேம் கட்டத்தில் உன் பெயர், சர்நேம் கட்டத்தில் என் பெயர் முழுதாக. நம்மில் நிறையப் பேர் சர்நேமைக் காலியாக விட்டுவிட்டுப் பிறகு கஷ்டப்படுகிறார்கள். விமான டிக்கெட்டிலும் ஆன்லைன் விசாப் படிவத்திலும் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் மேலே நகராது. ஒற்றைப் பெயர் மட்டும் இருக்கும் பாஸ்போர்ட்டில் விசிட் விசாவை ஏற்பதில்லை என்று துபாய்க்காரர்கள் 2022 நவம்பரில் விதி வைத்ததும் பல பேர் ஏர்போர்ட்டில் நின்றார்கள்.

பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகுதான் மஞ்சள் காய்ச்சல் ஊசி. சான்றிதழில் பாஸ்போர்ட் எண்ணும் பெயரும் ஏறும், அதனால் வரிசை மாறக் கூடாது. இதில்தான் பெரிய குழப்பம். இந்தியாவிலிருந்து நேராகப் போகிறவர்களிடம் கென்யா இந்தச் சான்றிதழைக் கட்டாயமாகக் கேட்பதில்லை என்று யாராவது சொல்வார்கள். அவர்கள் சொல்வது விதிப்படி சரி. ஆனால் திரும்பி வரும்போது நம் நாடு கேட்கும். கென்யா மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளின் பட்டியலில் இருக்கிறது. சான்றிதழ் இல்லாமல் வந்து இறங்கினால் ஆறு நாள் வரை தனியாகப் பிடித்து வைக்கலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். 2016-லிருந்து அது ஆயுள் முழுதும் செல்லும், ஒருமுறை போட்டால் போதும்.

எல்லா ஆஸ்பத்திரியிலும் இது போட மாட்டார்கள். அரசு அங்கீகரித்த மையத்தில்தான் செல்லும். சென்னை கிண்டியில் கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஒரு குப்பியில் பல பேருக்கான மருந்து இருக்கும், திறந்தால் சில மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். அதனால்தான் கிழமை வைத்து ஆள் சேர்த்துப் போடுகிறார்கள். முன்பே போன் பண்ணி நாள் வாங்கிக்கொண்டு, சேரன் எக்ஸ்பிரஸில் ஏறினால் விடிய சென்னையில் இருக்கலாம். முட்டை ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே சொல்ல வேண்டும், உன்னோடு வரும் டீமில் இருக்கும் மற்றவர்களிடமும் கேட்டுவிடு. ஊசிக்குப் பிறகு சிலருக்கு நாலைந்து நாள் மேல்காய்ச்சலும் உடம்பு வலியும் வரும். ஆகவே ப்ராஜெக்ட் ரிவியூ வாரத்தில் வேண்டாம், வைவா முடிந்த மறுவாரம் போட்டுக்கொள். டைஃபாய்டு ஊசி கிளம்ப இரண்டு வாரம் முன்னால் போட்டிருக்க வேண்டும். டெட்டனஸ் எப்போது போட்டது என்று அம்மா எழுதி வைத்திருக்கிறாள்.

நைரோபியைவிட கிசுமுதான் எனக்கு வெசனம். விக்டோரியா ஏரிக்கரை முழுக்க மலேரியா. மாத்திரையை டாக்டர்தான் எழுத வேண்டும். டாக்ஸிசைக்ளின் எழுதினால் இதை நினைவில் வை: கிளம்ப ஒரு நாள் முன்னால் தொடங்கி, அங்கே தினம் ஒன்று, திரும்பி வந்து நான்கு வாரம் வரை விடாமல். வந்ததும் நிறுத்திவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. கிருமி ஈரலில் ஒளிந்திருந்து பிறகு ரத்தத்துக்கு வரும், அதற்காகத்தான் அந்த நான்கு வாரம். சாப்பாட்டோடு, ஒரு டம்ளர் தண்ணீர் முழுதாகக் குடித்து, அரை மணி நேரம் படுக்காமல் இரு, இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும். பாலோடு சாப்பிடாதே. அந்த மாத்திரையில் வெயில் சீக்கிரம் சுடும், தொட்டி வேலையில் முழுக்கைச் சட்டையும் தொப்பியும் போடு. பொழுதோட ஆறு மணிக்கு மேல் கை கால் மூடியிருக்கட்டும், கொசுவலையைப் பாய்க்கு அடியில் சொருகிப் படு. ஊருக்கு வந்து மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் "கென்யா போய் வந்தேன், மலேரியா பாருங்க" என்று நீயே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் டெங்குதான் முதலில் பார்ப்பார்கள்.

ஏரியில் கால் நனைக்காதே. கரையோரத் தண்ணீரில் இருக்கும் நத்தையிலிருந்து பில்ஹார்சியாப் புழு வெளியே வந்து தோல் வழியாக உள்ளே போகும். கடிக்கிறது தெரியாது.

கென்யாவுக்கு இப்போது விசா இல்லை. 2024 ஜனவரியிலிருந்து இ.டி.ஏ. என்று ஆன்லைன் அனுமதி வைத்திருக்கிறார்கள். ஏஜென்ட் போல இருக்கும் தளங்களில் போய் இரட்டிப்புக் கொடுக்காதே, அரசுத் தளத்திலேயே போடு. பயண நோக்கத்தில் உண்மையைத்தான் எழுத வேண்டும். தொட்டி கட்டும் வேலைக்கு ஸ்பெஷல் பாஸ் என்ற குறுகிய கால வேலை அனுமதி தேவையா என்பதை அந்தச் சபையே இமிக்ரேஷனில் கேட்டு எழுத்தில் தரட்டும். ஊழியம் என்பதால் விதி தளராது.

மும்பை வழியோ ஷார்ஜா வழியோ, எல்லாம் ஒரே டிக்கெட்டாக எடு. தனித்தனியாக எடுத்தால் மும்பை வரை உள்நாட்டுக் கணக்கில் பொதுவாக 15 கிலோதான், பெட்டியையும் நீயே எடுத்து மறுபடி போட வேண்டும். ஷார்ஜா வழி என்றால் ஒன்று கண்டிப்பு: அம்மா அரைத்துத் தரும் குருமாப் பொடியில் கசகசா இருக்கக் கூடாது. அந்த நாட்டில் அது போதைப் பொருள் கணக்கு, அதற்காக ஜெயிலில் இருந்தவர்கள் உண்டு. அம்மாவிடம் நான் சொல்லிவிட்டேன், நீயும் பெட்டியைப் பார். கேரி பேக் எதுவும் வேண்டாம், கென்யாவில் 2017 ஆகஸ்டிலிருந்து பிளாஸ்டிக் பைக்குத் தடை. டாலர் வாங்கும்போது புது நோட்டாகக் கேள், பழைய அச்சும் பேனாக் கிறுக்கலும் இருந்தால் அங்கே மாற்ற மாட்டார்கள். ப்ளக் மூன்று செவ்வகக் கம்பி, அடாப்டர் ஒன்று போதும், கரண்ட் அளவு நம்முடையதுதான்.

இப்போது தொட்டி. நீ அனுப்பிய கூரை அளவு 10 மீட்டர், 8 மீட்டர். 80 சதுர மீட்டரில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 800 லிட்டர். சிதறல், முதல் அழுக்குத் தண்ணீர் எல்லாம் போக 640 லிட்டர் என்று வை. 10,000 லிட்டர் தொட்டி நிறைய ஏறக்குறைய 160 மில்லிமீட்டர் மழை வேண்டும். அக்டோபரில் தொடங்கும் சிறுமழைக்கு முன் அது தயாராக இருக்க வேண்டும். கம்பிவலையில் சிமெண்ட் கலவை பூசும் ஃபெரோசிமெண்ட் தொட்டி என்றால், நீ போய்ச் சேர்ந்த மூன்றாம் வாரத்துக்குள் பூச்சை முடித்துவிடு, ஏனென்றால் குறைந்தது 14 நாள் ஈரம் காயாமல் வைக்க வேண்டும். வறண்ட மாதத்தில் தண்ணீர் தூரத்திலிருந்து வரும், சாக்கைச் சுற்றி நனைத்தால் குறைவான தண்ணீர் போதும். இப்படி ஈரம் காக்கும் க்யூரிங்கில் கஞ்சம் பிடித்த தொட்டிதான் மறு வருடம் மயிர்க்கோடாக வெடித்துக் கசியும். இன்னொன்று, அங்கே கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 32.5 வலிமை வகைச் சிமெண்ட். நம் 43, 53 கிரேடு கையில் பழகின விகிதத்தை அப்படியே போட்டால் வலிமை குறையும். மூட்டையில் எழுதியிருப்பதை வாசித்துவிட்டுக் கணக்குப் போடு. அங்கே கொத்தனாரை ஃபுண்டி என்பார்கள். அவருக்குத்தான் அந்த மண்ணும் மணலும் தெரியும். கரண்டி அவர் கையில் இருக்கட்டும், நீ அளவைப் பார். நீ வந்த பிறகு தொட்டியைப் பழுது பார்க்கப் போகிறவர் அவர்தான்.

நம் சபையார் கொடுக்கும் காணிக்கைக்கு ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் வாங்காதே. கடன் வாங்கிக் கொடுப்பவர்கள் என்று தெரிந்தால் ஜெபம் மட்டும் கேட்டுக்கொள். அங்கே யாராவது நம் சபைக்கென்று பணம் தந்தால் அன்போடு மறுத்துவிடு. வெளிநாட்டுக் காணிக்கையை எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவும், அதற்கென்றே டெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் கிளையில் கணக்கும் இருந்தால்தான் வாங்கலாம். பையில் கொண்டுவந்தால் சபைக்குத்தான் சிக்கல்.

பிள்ளைகளோடு தனியாக அறையில் இருக்காதே, கதவு திறந்திருக்கட்டும். அவர்கள் படத்தை ஸ்டேட்டஸில் போடாதே. நம் ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளையை யாரோ வந்து அழுக்குச் சட்டையோடு படம் எடுத்துப் போட்டால் நமக்கு எப்படி இருக்கும்? மிட்டாயும் காசும் கையில் கொடுக்காதே, எதுவானாலும் ஆசிரியர் வழியாக.

யாராவது "ப்வானா அசிஃபிவே" என்றால் அது நம் "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்", "அமினா" என்று பதில் சொல். உகாலி என்று மக்காச்சோள மாவில் கிண்டித் தருவார்கள், நம் களியேதான். கையில் உருட்டிக் குழி பண்ணி, சுகுமா விக்கிக் கீரையோடு சாப்பிட வேண்டும். ஒரம்பரைக்கு வைக்கும் முதல் தட்டை மறுக்காதே. 1830-ல் லண்டன் மிஷனரி சங்கத்து அடிஸ் கோயம்புத்தூர் வந்தபோது நம் ஜனங்கள் வைத்ததை அவரும் சாப்பிட்டுத்தான் ஊழியத்தைத் தொடங்கியிருப்பார். அதே சங்கம்தான் லிவிங்ஸ்டனை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பியது. அவர்கள் வருடக்கணக்கில் இருந்தார்கள், நீ இருக்கப் போவது ஆறு வாரம். அதனால் அங்கே கற்றுக்கொள்கிறவளாக இரு, சாமி.

வெள்ளிக்கிழமை வரும்போது பத்தாவது மார்க் ஷீட் ஒரிஜினலும் ஆதாரும் எடுத்து வா, சனிக்கிழமை உட்கார்ந்து பாஸ்போர்ட் படிவத்தை நிரப்பிவிடலாம். சர்நேம் கட்டத்தில் என் பெயரை ஆதாரில் இருக்கிற எழுத்துப்படியே போட வேண்டும், நீயாக எழுத்துக்கூட்டாதே. அரியர் பேப்பருக்குப் பழைய கேள்வித்தாள் ஐந்து வருடத்துக்கும் ஜெராக்ஸ் போட்டுக் கொண்டுவா. இரவு ஒன்பதுக்கு மேல் நானும் உன்னோடு உட்கார்கிறேன்.

அன்புடன்,
அப்பா